உருளை இல்லாத ரிவால்வர்

வெடிக்கிற துவக்குக்குப் பயந்து கடல் கடந்து வந்த இரண்டு ஆண்கள், இங்கே வந்து வெடிக்காத துவக்குகளைத் தேடித்தேடிச் சேர்த்தார்கள். ஒருவர் என் மனுஷன் கிளெமென்ட். மற்றவர் அவருடைய சிநேகிதர் குலசிங்கம். இதைக் கேட்டுச் சிரிக்காத தமிழ் ஆள் ஒக்லண்டில் இல்லை. முதலில் சிரித்தவள் நான்தான்.

கிளெமென்ட்டுக்கு நியூ லின் மோலில் நகை திருத்துகிற வேலை. நாள் முழுக்க ஒற்றைக் கண்ணில் லென்ஸைச் சொருகிக்கொண்டு அறுந்த சங்கிலிகளைப் பற்றவைக்கிற மனுஷன். நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய ஒரு ரிவால்வரின் இரும்பில் யாரோ ஒருவன் உளியால் வெட்டிய பூக்கொடியைப் பார்த்ததும் இவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பழைய ஆயுதங்களுக்கென்று ஒரு மண்டபத்தில் கண்காட்சி வைத்திருந்தார்கள். அதே கண்ணாடிப் பெட்டியின் மறுபக்கத்தில் இன்னொரு கறுத்த முகம் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றதாம்.

"யாழ்ப்பாணமோ?" என்று இவர் கேட்டிருக்கிறார்.

"ஓம். நீங்கள்?"

"மன்னார்."

அவ்வளவுதான். அன்றைக்கு ஒட்டிக்கொண்டவர்கள்தான். இவர் மாதாவைக் கும்பிடுகிறவர், அவர் பிள்ளையாரைக் கும்பிடுகிறவர். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது இந்த இரும்புப் பைத்தியம்.

சும்மா வாங்கி அலுமாரியில் அடுக்க முடியாது. இந்த நாட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது லேசான காரியமில்லை. லைசென்ஸ், நிலத்தோடு பூட்டிய இரும்புப் பெட்டி, வீட்டுக்கு வந்து கேள்வி கேட்கிற அதிகாரி எல்லாம் உண்டு. சேகரிக்கிறவர்கள் ஒவ்வொரு துப்பாக்கியிலும் முக்கியமான ஒரு பாகத்தைக் கழற்றி வேறாக வைக்கவும் வேண்டும். அதற்கு இவர்கள் இரண்டு பேரும் தங்களுக்குள் ஒரு ஒழுங்கு செய்துகொண்டார்கள். ரிவால்வரின் நடுவில் சுழல்கிற, குண்டு போடுவதற்குத் துவாரங்கள் உள்ள உருளையைக் கழற்றி, ஒருவருடையதை மற்றவர் வீட்டில் வைப்பது. குலசிங்கத்தின் உருளைகள் லின்ஃபீல்டில் எங்கள் கராஜுக்குள் இருந்தன. கிளெமென்ட்டின் உருளைகள் கிளென்ஃபீல்டில் குலசிங்கத்தின் வீட்டில் இருந்தன.

"டோறின் அக்கா, எங்கட மனுசன்மார் ரெண்டு பேரும் தாலி மாத்திக்கொண்டினம்," என்று குலசிங்கத்தின் மனைவி குணவதி சொல்வாள். சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள். நாலு பேருக்குக் காணும் அந்தச் சிரிப்பு. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் சத்தம் என்றால் அது குணவதியின் சத்தம்தான்.

இவர்கள் சேர்த்தவற்றில் ஒரு ரிவால்வருக்கு நிகராக வேறொன்றும் இல்லை. அது குலசிங்கத்தினுடையது. அமெரிக்காவில் செய்தது. ஜெர்மனியிலிருந்து போன ஒரு செதுக்குக்காரனின் கை என்று இரண்டு பேரும் சத்தியம் பண்ணுவார்கள். குழலிலிருந்து கைப்பிடி வரைக்கும் விரல் வைக்க இடமில்லாமல் கொடியும் இலையும். அதன் உருளையில்தான் விசேஷம். மான்கள் ஓடுகின்றன, நாய்கள் துரத்துகின்றன. உருட்டிப் பார்த்தால் எது எதைத் துரத்துகிறது என்று தெரியாது. எனக்குத் துவக்கைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் அந்த உருளையைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். பொய் சொல்லக்கூடாது, வடிவுதான்.

குணவதிக்கு வயிற்றுக்குள் வருத்தம் வந்தது. கண்டுபிடித்தபோதே எல்லாம் பிந்திவிட்டது. கடைசி நாட்களில் நான்தான் தலை இழுத்துச் சீவி, உடம்பு துடைத்து, கஞ்சி பருக்கினேன். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற எனக்கு அது பழகின வேலை. ஆனால் அவள் என் தங்கச்சி மாதிரி. பழக்கம் அங்கே உதவவில்லை. அவள் போனபிறகு குலசிங்கம் அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி குடுத்தார். கட்டட எஞ்சினியர் அல்லவா, செத்தவீட்டையும் ஒரு வேலைத்தலம் மாதிரி நடத்தி முடித்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சனம் கலைந்ததும் அந்த வீடு கப்பென்று அடங்கிப் போயிற்று.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் பூசை முடிந்து வந்து சேர, குலசிங்கம் எங்கள் வாசலில் நின்றார். காரின் பின்சீற்றில் ஒரு பெரிய சாடியில் கறிவேப்பிலை மரம். குணவதி கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துப் பிள்ளை மாதிரி வளர்த்தது. இந்தக் குளிரில் கறிவேப்பிலை வளர்ப்பது என்ன பாடு என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். சொந்தத் தங்கச்சி கேட்டாலும் ஒரு கொப்பு முறித்துக் குடுப்பார்களே தவிர மரத்தைக் குடுக்கமாட்டார்கள்.

"நீங்கள் வச்சிருங்கோ அக்கா. எனக்கு இது தேவைப்படாது," என்றார்.

தேவைப்படாது என்ற அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. மரத்தை வாங்கி வைத்தேன். குலசிங்கம் உள்ளே வந்து இருந்து, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கிளெமென்ட்டிடம் கேட்டார்.

"மச்சான், அந்த மான் உருளையை ஒருக்காத் தா. முழுசாப் பூட்டிப் பாக்கோணும் போல கிடக்கு."

கிளெமென்ட்டின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவர்களுக்குள் இருந்த ஒழுங்கில் உருளையை வாங்குவதென்றால் கண்காட்சி வரவேண்டும், அனுமதிக் கடதாசி வரவேண்டும். "சும்மா பாக்க" என்று யாரும் கேட்டதில்லை.

"அதுக்கென்ன," என்றார் கிளெமென்ட். "ஆனா மச்சான், பெட்டியின்ர பூட்டு மக்கர் பண்ணுது. திறப்புச் சுத்துதில்ல. ஆளைக் கூப்பிட்டுத் திருத்திப்போட்டுத் தாறன்."

பொய். அன்று காலையில்கூட அந்தப் பெட்டியை அவர் திறந்தார். என் மனுஷனுக்குப் பொய் சொல்லத் தெரியாது, சொன்னால் காது சிவக்கும். அன்றைக்கு இரண்டு காதும் பழுத்த தக்காளி.

குலசிங்கம் போன பிறகு நான் கேட்டேன். "உங்களுக்கும் அதே நினைப்புத்தானே?"

"எது?"

"நடிக்காதேங்கோ. அவர் சாகப் பாக்கிறார்."

"வாயைக் கழுவு," என்றார். "ஆளுக்கு மனம் சரியில்லை. கொஞ்ச நாளில சரிவரும். சாப்பாடு குடுப்பம், அடிக்கடி போய்ப் பாப்பம்."

எங்கள் ஆட்களுக்கு எல்லாத்துக்கும் மருந்து ஒன்றுதான், சாப்பாடு. அந்தக் கிழமை முழுக்கச் சட்டி சட்டியாய்ச் சமைத்து அனுப்பினோம். நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் ஒருமுறை, சாகிற நினைப்பு உள்ளவர்களைக் காப்பாற்றுவதற்கென்று வகுப்பு எடுத்தார்கள். யாரையாவது பார்த்து இப்படிச் சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காமல் நேரடியாகக் கேளுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். வெள்ளைக்காரருக்கு அது லேசு. எங்கள் சனத்திடம் போய், "தம்பி, சாகப்போறீங்களோ?" என்று கேட்டால் அந்தக் குடும்பமே எங்களோடு ஆயுசுக்கும் கதைக்காது.

பூட்டுத் திருத்த ஆள் வரவில்லை. வரமாட்டான்தானே. அடுத்த ஞாயிறு குலசிங்கமே வந்துவிட்டார், கையில் திருத்துகிற சாமான்கள் உள்ள பையோடு. ஸ்குரூ டிரைவர், எண்ணெய், டோர்ச் எல்லாம் கொண்டு வந்திருந்தார்.

"பூட்டுக்காரன் எதுக்கு மச்சான்? நான் பாக்கிறன்."

தடுக்க வழியில்லை. கராஜுக்குள் நான் காயப்போட்டிருந்த பெட்ஷீட்டுகளை விலக்கிக்கொண்டு போய், இரும்புப் பெட்டியின் முன்னால் முழங்காலில் இருந்தார். டோர்ச் அடித்துப் பார்த்தார். கிளெமென்ட்டிடம் கை நீட்டித் திறப்பை வாங்கிப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். பூட்டு நல்ல பிள்ளை மாதிரிச் சுற்றியது. அவர் கதவைத் திறக்கவில்லை. திறப்பில் கையை வைத்தபடி திரும்பிப் பார்த்தார்.

"மச்சான், பூட்டு நல்லாத்தானே இருக்கு."

எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு ஆண்பிள்ளைகள் பெட்ஷீட்டுக்கு நடுவே நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் யார்தான் பொறுப்பது?

"தம்பி, நான் நேர கேக்கிறன். கோவிக்கக்கூடாது. உயிரை விடுறதுக்கோ அதைக் கேக்கிறீங்கள்?"

"டோறின்!" என்று கத்தினார் கிளெமென்ட்.

குலசிங்கம் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும். எழும்பி, முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டினார்.

"ஒருக்கா முழுசாப் பாக்கோணும் அக்கா. அவ்வளவுதான்," என்றார். பிறகு, "தேத்தண்ணி இருக்கோ?" என்று கேட்டார்.

இல்லை என்ற ஒரு சொல்லை அந்த மனுஷன் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். கிளெமென்ட்டும் கவனித்தார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் செய்ததென்ன? சிநேகிதனின் தோளில் கையைப் போட்டு, "இஞ்ச பார், வாற சனிக்கிழமை நானே கொண்டு வாறன். ரெண்டு பேருமாப் பூட்டிப் பாப்பம். பிறகு நான் திருப்பிக் கொண்டு வந்திடுவன். சரியோ?" என்றார். குலசிங்கம் தலையைக் குனிந்தபடி, "சரி மச்சான்," என்றார்.

அவர் கார் தெருமுனை தாண்டியதும் எங்கள் வீட்டில் சண்டை தொடங்கியது.

"பொலிசுக்குச் சொல்லுவம்," என்றேன் நான். "அவையள் வந்து துவக்குகளை எடுக்கட்டும். டொக்டர்மார் வந்து பாக்கட்டும்."

"என்னால ஏலாது."

"ஏன் ஏலாது?"

"உனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும். கிளெமென்ட்டின் தம்பி அன்றூவை ஊரில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் பிடித்தார்கள். ஊர்ச் சனத்தையெல்லாம் வரிசையில் விட்டார்கள். சாக்கால் முகத்தை மூடிய ஒருவன் ஜீப்புக்குள் இருந்து பார்த்தான். யாருக்கு அவன் தலையாட்டுகிறானோ அந்த ஆளை ஏற்றினார்கள். அன்றூவின் முறை வந்தபோது அவன் தலையாட்டினான். வரிசையில் அடுத்த ஆளாக நின்றவர் கிளெமென்ட். அன்றூ திரும்பி வரவில்லை. சாக்குக்குள் இருந்தவன் யார் என்று இன்றுவரைக்கும் தெரியாது. ஊரவன்தான், தெரிந்தவன்தான், அது மட்டும் நிச்சயம். கெட்ட வார்த்தை பேசாத என் மனுஷனுக்கு உலகத்திலே ஒரு கெட்ட வார்த்தை உண்டு. அது காட்டிக் குடுக்கிறது.

"இது அதில்லை," என்றேன்.

"கூட்டாளியின்ர வீட்டுக்குப் பொலிசை அனுப்பிறது அதுதான். வேற பேர் அதுக்குக் கிடையாது." சத்தம் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். "இருவது வருசமாச் சேத்ததை ஒரு மணித்தியாலத்தில அள்ளிக்கொண்டு போவாங்கள். பிறகு அவனுக்கு என்ன இருக்கு? அதுக்குப் பிறகு அவன் இருப்பானோ? உருளை என்னட்ட இருக்கும்வரைக்கும் அது வெறும் இரும்பு. சனிக்கிழமை நான் பக்கத்தில இருப்பன். நான் பாத்துக்கொள்ளுவன்."

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. நல்ல மனுஷரோடு சண்டை பிடிப்பதைப்போல் களைப்பான வேலை வேறு இல்லை.

வியாழக்கிழமை வேலை முடிந்து நான் தனியாக கிளென்ஃபீல்டுக்குப் போனேன். புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் கொண்டு போனேன். குலசிங்கம் கதவைத் திறந்தார். வீடு பளிங்கு மாதிரி இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. மனைவியை இழந்த ஆம்பிளையின் வீடு கொஞ்சம் குப்பையாக இருக்க வேண்டும். குணவதியின் அலுமாரி வெறுமை. சேலைகளையெல்லாம் கோயிலுக்குக் குடுத்துவிட்டாராம். பிரிட்ஜுக்குள் நாங்கள் அனுப்பிய சட்டிகள் அப்படியே அடுக்கியிருந்தன.

சாப்பாட்டு மேசையில் அந்த ரிவால்வரின் மரப்பெட்டி திறந்து கிடந்தது. நடுவில் ஓட்டையோடு ரிவால்வர். எண்ணெய் போட்டுத் துடைத்து மினுங்கியது. அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சின்னத் தகர டப்பா, சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை போட்டது. நான் பார்ப்பதை அவர் பார்த்தார். பெட்டியை மூடினார். டப்பாவை மூடி மறைக்கவில்லை.

"சாப்பிடுங்கோ தம்பி," என்றேன்.

"பிறகு சாப்பிடுறன் அக்கா. நீங்கள் குணவதிக்குச் செய்ததெல்லாம்..." என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். கிறிஸ்தவ வேதக்காரியின் காலைத் தொட்டு எந்தச் சைவக்காரன் கும்பிட்டிருக்கிறான்? நான் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தேன். வெளியே வந்து காருக்குள் இருந்து வாய்விட்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்து கிளெமென்ட்டிடம் டப்பாவைப் பற்றிச் சொன்னேன். எந்த அளவு, என்ன நிறம், என்ன எழுத்து என்று துருவித் துருவிக் கேட்டார். கேட்டு முடிந்ததும் கதிரையில் அப்படியே இருந்தார். காது சிவக்கவில்லை, முகம் முழுக்க வெளிறிப் போயிற்று.

"மருந்து," என்றார். "பழைய துவக்குக்குப் போடுற வெடிமருந்து. இத்தனை வருசத்தில நாங்கள் ரெண்டு பேரும் ஒரு சிட்டிகைகூட வீட்டுக்குள்ள கொண்டு வந்ததில்லை."

"இப்ப என்ன சொல்லுறீங்கள்?"

"சனிக்கிழமை உருளையைக் கொண்டு போகாமல் நான் மட்டும் போறன். போய்க் கதைக்கிறன்."

"கதைச்சு?"

"கதைக்கிறன் எண்டுறனே!"

உருளை கிடைக்காவிட்டால் குலசிங்கம் வேறு வழி தேடமாட்டாரோ? கால் தொட்டுக் கும்பிட்டவன் ஒரு இரும்புத் துண்டுக்காகக் காத்துக்கொண்டா இருப்பான்? நான் அதைக் கேட்கவில்லை. கேட்டால் கிளெமென்ட் உடைந்துவிடுவார். வெள்ளிக்கிழமை காலை அவர் வேலைக்குப் போன பின், மாதாவின் படத்துக்கு முன்னால் நின்று ஒரு அருள் நிறைந்த மரியாயே சொன்னேன். பிறகு பொலிசுக்குப் போன் அடித்தேன். மறுமுனையில் இருந்த பெட்டை பொறுமையான பெட்டை. உங்களுக்கு அவர் என்ன முறை என்று கேட்டாள். என் தம்பி என்றேன்.

அன்றைக்கே போனார்கள். துவக்குகளையும் டப்பாவையும் எடுத்தார்கள். ஒரு நேர்ஸும் கூடப் போய் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பின்னேரம் எங்கள் வீட்டுக்கும் வந்து கராஜில் இருந்த உருளைகளை எடுத்தார்கள். மரியாதையாகத்தான் நடந்தார்கள். மான் உருளையை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, வாயை ஒட்டி, மேலே எழுதினார்கள். கிளெமென்ட் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர்கள் போனதும் நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அடித்தாலும் வாங்கியிருப்பேன். அவர் என்னைப் பார்த்து, "சாப்பிட்டியோ?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு இந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சில நாட்களில் தன்னிடம் இருந்தவற்றையும் ஒரு வியாபாரியிடம் ஒப்படைத்தார். கராஜில் பெட்டி இருந்த இடத்தில் நாலு ஓட்டைகள்தான் மிச்சம்.

குலசிங்கம் சில வாரங்களில் வீடு வந்தார். டொக்டர் குடுத்த குளிசை எடுக்கிறார், கிழமைக்கு ஒருமுறை ஆலோசகர் ஒருவர் வந்து கதைக்கிறார், வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எங்களை அவர் கூப்பிடவில்லை. அதை எதிர்பார்த்தேன். உயிரோடு இருக்கட்டும், எங்களோடு கதைக்காவிட்டால் என்ன என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

ஆனால் வேறு சில விஷயங்களும் நடந்தன. தமிழ்ச் சங்கத்துப் பொங்கலில் கிளெமென்ட் போய் இருந்த மேசையில் வேறு யாரும் வந்து இருக்கவில்லை. கடையில் சந்தித்தவர்கள் எனக்குத் தலையாட்டினார்கள், அவரைத் தாண்டிப் பார்த்தார்கள். நான் நினைத்தேன், நான் செய்ததற்கு என்னைத் திட்டப் பயந்து அவரில் காட்டுகிறார்கள் என்று. நியூ லின்னில் மரக்கறிக் கடையில் ரதிதேவி என்ற பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னபோதுதான் விளங்கியது. குலசிங்கத்தின் கோயில் ஆட்களில் ஒருத்தி அவள்.

"உங்களைப் பாக்கத்தான் பாவமா இருக்கு அக்கா. உங்கட மனுசன் இப்பிடிக் காட்டிக் குடுப்பார் எண்டு ஆர் நினைச்சது? குலம் அண்ணை ஆஸ்பத்திரியில இருந்து போனில கேட்டவராம், ஆர் சொன்னதெண்டு. நான்தான் எண்டு உங்கட மனுசன் வெக்கமில்லாமல் சொன்னவராம்."

என் கையில் இருந்த வெண்டிக்காய்ப் பை கீழே விழுந்தது. அதைப் பொறுக்கவும் தோன்றவில்லை. எனக்கு வந்த கோபத்தில் வீடு வரைக்கும் எப்படிக் கார் ஓட்டினேன் என்று தெரியாது.

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?" கதவைத் திறந்ததும் கேட்டேன். "செய்தது நான். உங்களுக்கு அந்தச் சொல் எப்பிடிச் சுடும் எண்டு எனக்குத் தெரியாதே? இப்பவே போய் நான்தான் எண்டு சொல்லப்போறன்."

கிளெமென்ட் பேப்பரை மடித்து வைத்தார்.

"இரு டோறின். குணவதி செத்ததுக்கு அவன் ஆரோட கோவப்படுறது? கடவுளோடயோ? டொக்டரோடயோ? இப்ப என்னோட கோவப்படுறான். காலமை என்னைத் திட்டுறதுக்காகவெண்டாலும் எழும்புறான். அதைப் பறிச்சிடாத."

"என்னோட கோவப்படட்டுமன்!"

"உன்னோட அவனுக்குக் கோவம் நிக்காது. குணவதிக்குத் தலை இழுத்து விட்ட கை உன்ர கை. ரெண்டு நாளில மன்னிச்சுப்போடுவான். பிறகு திரும்பவும் சும்மா இருப்பான், அந்தச் சுத்தமான வீட்டுக்குள்ள." பேப்பரை இன்னொருமுறை மடித்தார். "அன்றூவுக்குத் தலையாட்டினவன்ர முகத்தை நான் காணேல்ல. இத்தனை வருசமா ஆரோட கோவப்படுறது எண்டு தெரியாமல், எல்லாரையும் பாத்து, இவனோ அவனோ எண்டு யோசிச்சுக்கொண்டு திரியிறன். அது பொல்லாத சீவியம். அவனுக்கு ஒரு முகமாவது இருக்கட்டும்."

நான் வாய்விட்டு அழுதேன். அவரைக் கட்டிப்பிடித்து, மடையன், மடையன் என்று முதுகில் குத்தினேன். அந்தச் சொல்லைத் தன் மேல் ஏற்றுவதற்கு அவருக்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பலத்தில் பாதி இருந்திருந்தால் அவரே அன்றைக்குப் போனை எடுத்திருக்கலாமே என்றும் தோன்றியது. அதை மட்டும் சொல்லவில்லை.

குணவதி போய் ஒரு வருடமாகி, ஆட்டைத் திவசம் வந்தது. எனக்கு மட்டும் அழைப்பு. "அக்கா கட்டாயம் வரோணும். தனிய வாங்கோ," என்று குலசிங்கம் போனில் சொன்னார். குரலில் பழைய உறுதி இருந்தது. கிளெமென்ட் என்னைக் காரில் கொண்டு போய், அந்தத் தெருவுக்குள் திரும்பாமல் சந்தியிலேயே இறக்கிவிட்டார்.

"நீ முடிச்சுக்கொண்டு வா. நான் இதில நிக்கிறன்."

வீடு நிறையச் சனம். ஐயர் கிரியை முடித்துப் போய்விட்டார். கூடத்தில் பாய் விரித்து வாழை இலைப் படம் போட்ட கடதாசித் தட்டுகளில் பரிமாறினார்கள். செருப்புகள் வாசலில் குவிந்து கிடந்தன. குசினியில் இரண்டு பானைகள் கொதித்தன. குலசிங்கம் முன்னைவிடக் கொஞ்சம் உடம்பு வைத்திருந்தார். சேட் அயர்ன் பண்ணி இருந்தது. தன் கையால் எனக்குப் பாயாசம் ஊற்றினார், கஜுப் பருப்பைத் தேடி எடுத்துப் போட்டார்.

"நான்தான் காய்ச்சினது அக்கா. குணவதி சொல்லித் தந்த மாதிரி."

"நல்லா இருக்கு தம்பி."

எனக்கு முன்னால் கால்களை மடக்கிச் சப்பாணி கட்டி இருந்தார். சுற்றி இருந்தவர்கள் கதையை நிறுத்திக் காது குடுத்தார்கள்.

"நீங்கள் வந்ததே எனக்குப் பெரிய ஆறுதல். அந்த மனுசனை நான் சகோதரம் எண்டு நினைச்சன். என்னட்ட வந்து கதைச்சிருக்கலாம். வீட்டை வந்து அறைஞ்சிருக்கலாம். பொலிசை அனுப்பினான். இருவது வருசம். காட்டிக் குடுக்கிறவன்ர புத்தி எங்க போனாலும் போகாது." முகம் சிவந்துவிட்டது. கண்ணில் வெளிச்சம். குணவதி போன பிறகு அந்தக் கண்ணில் ஒரு உயிரை நான் அன்றைக்குத்தான் கண்டேன். "அவனோட எப்பிடி அக்கா சீவிக்கிறீங்கள்? நான் செத்தாலும் அவனை மன்னிக்கமாட்டன்."

சொல் என் நாக்கு நுனியில் நின்றது. நான்தான் தம்பி, நான்தான் போனை எடுத்தேன் என்று. பாயாசத்தோடு அதையும் விழுங்கினேன்.

"கஷ்டம்தான் தம்பி," என்றேன். "நீங்கள் சாப்பிடுங்கோ. ஆறப்போகுது."

அவர் சாப்பிட்டார். இரண்டாம் தரமும் சோறு வாங்கினார். நான் கையைக் கழுவிவிட்டு, குணவதியின் படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வெளிக்கிட்டேன்.

சந்தியில் கார் நின்றது. கிளெமென்ட் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி இருந்தார். நான் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

"ஆள் எப்பிடி? சாப்பிட்டானோ?"

"ஓம். ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டவர்."

"என்னைத் திட்டினானோ?"

"ஓம்."

"நல்லாத் திட்டினானோ?"

"எல்லாருக்கும் முன்னால. செத்தாலும் மன்னிக்கமாட்டாராம்."

"சரி," என்று சொல்லிக் காரை எடுத்தார்.